எங்க கோடு எங்கே

கடுகு என்று அவளைக் கூப்பிட ஆரம்பித்தது அவளுடைய அண்ணன்தான். ஆள் உருவத்தில் சிறியவள், கோபத்தில் பெரியவள். சைக்கிள் கிளப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தப் பெயர் அங்கேயும் போய் ஒட்டிக்கொண்டது. பதினாறு வயதுக்கு அவள் உயரம் போதாதுதான். அண்ணன் ஓட்டிப் பழகிய பந்தய சைக்கிள் அவளுக்கு வந்தபோது, சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கியும் கால் எட்டவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா சீட் கம்பியைக் கொஞ்சம் அறுத்துக் குட்டையாக்கிக் கொடுத்தார். அம்மா பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் காலர் பிரிவில் வேலை பார்த்தாள். அண்ணனின் பழைய ஜெர்சியை இரண்டு பக்கமும் பிடித்து, மகளின் அளவுக்குத் தைத்துத் தந்தவள் அவள். இப்படி வெட்டியும் பிடித்தும் தன் கைக்கு வந்த பொருட்களை வைத்துக்கொண்டு, பெண்கள் பந்தயத்தில் முதலாவது வருவேன் என்று கடுகு இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தயம் தொழிற்பேட்டைச் சாலைகளில் நடந்தது. கம்பெனிகளுக்கெல்லாம் ஷட்டர் இறக்கியிருந்தது. பெரிய கேட்டுக்கு முன்னால் காற்றடைத்த நீல வளைவு ஒன்று யானை மாதிரி நின்றது. அதன் காலடியில், தார் ரோட்டின் குறுக்கே, வெள்ளை டேப் ஒட்டிய எல்லைக் கோடு. விடிந்ததும் சின்னப் பையன்கள் ஓட்டினார்கள். அடுத்துப் பெரிய பையன்கள், அப்புறம் ஆண்கள், அப்புறம் தொப்பையை ஜெர்சிக்குள் திணித்துக்கொண்ட மூத்தவர்கள். எல்லாரும் முடித்த பிறகுதான் பெண்கள். பெரிய பையன்கள் பந்தயத்தில் அண்ணன் மூன்றாவதாக வந்தான். வளைவுக்கு அடியில் சிறப்பு விருந்தினரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, மெடல் கழுத்தில் தொங்கத் தொங்க, நண்பர்களோடு கிளம்பிப் போய்விட்டான். தங்கச்சியின் பந்தயத்துக்கு இருந்துவிட்டுப் போகலாமே என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. கடுகுக்கு முதல் கோபம் அங்கேயே வந்தது. ஆனால் அதைக் காலுக்கு அனுப்பிவிடலாம் என்று விழுங்கிக்கொண்டாள்.

பெண்கள் கிளம்பும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. மொத்தம் ஏழு பேர். அந்த ஏழில் கடுகின் கண்ணில் பட்டது ஒருத்திதான். வேறு கிளப்பைச் சேர்ந்தவள், நெடுநெடுவென்று வளர்ந்தவள், கழுத்தை நீட்டிக்கொண்டு ஓட்டுவாள். கடுகு அவளுக்கு மனசுக்குள் வைத்திருந்த பெயர் ஒட்டகச்சிவிங்கி. இரண்டு வருஷமாக ஒவ்வொரு பந்தயத்திலும் பார்க்கிறார்கள், ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருத்தியின் முகத்தை விட முதுகுதான் மற்றவளுக்குப் பழக்கம்.

இரண்டாவது சுற்றிலேயே இந்த இரண்டு பேரும் கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிட்டார்கள். குடோன் வரிசைக்குப் பின்னால் இருக்கும் நேர் ரோட்டில் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. நெட்டையானவள் கொஞ்ச நேரம் முன்னால் போய்க் காற்றைக் கிழித்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், சுவர் வைத்துக் கட்டிய அறை போல, காற்றே இல்லாத ஒரு சின்ன இடம் இருந்தது. கடுகு அதில் ஒண்டிக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு நெட்டையானவள் முழங்கையை ஒரு தட்டுத் தட்டினாள். நீ முன்னால வா என்று அர்த்தம். இரண்டு வருஷத்தில் அவள் கடுகிடம் சொன்ன முதல் சொல் அதுதான். கடுகு முன்னால் போனாள். தன் குட்டை முதுகுக்குப் பின்னால் அந்த நீளமான உடம்பு எப்படி ஒளியும் என்று நினைத்ததும், அத்தனை வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்படி மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டு போனதில், பந்தயம் இவ்வளவு சுகமாக இருக்கும் என்று முதல் தடவையாகத் தெரிந்தது. பின்னால் தொலைவில், தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தாள்.

கடைசித் திருப்பம் திரும்பியதும் இரண்டு பேரும் எழுந்து நின்று மிதித்தார்கள். தலையைத் தூக்கிப் பார்த்தபோது வளைவைக் காணோம்.

அது ரோட்டோரத்தில் நீலத் துணிக் குவியலாகக் கிடந்தது. மிச்சக் காற்றைப் பிதுக்குவதற்காக இரண்டு ஆட்கள் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லைக் கோட்டு டேப்பை உரித்துச் சுருட்டியாகிவிட்டது. பந்தயத்தை நடத்தும் சைக்கிள் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் மர நிழலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார்கள். கடுகு, வளைவின் கால் ஊன்றியிருந்த தடத்தை எல்லையாக நினைத்து, அதைத் தாண்டியதும் கையைத் தூக்கினாள். நெட்டையானவள் இன்னும் தள்ளி நின்ற தண்ணீர் லாரியை எல்லையாக நினைத்து மிதித்துக்கொண்டே போனவள், கடுகைத் தாண்டி அங்கே போய்க் கையைத் தூக்கினாள். இரண்டு பேரும் ஜெயித்தார்கள். பார்த்தவர் ஒருவரும் இல்லை.

சங்கத்துச் செயலாளர் வாயில் கவளத்தோடு நிமிர்ந்து பார்த்தார்.

"அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றார்.

கடுகு சைக்கிளைக் கீழே போட்டாள். அந்த சைக்கிளை அவள் அதுவரை சுவரில்கூடச் சாய்த்து வைக்கமாட்டாள், கீறல் விழும் என்று. எங்க கோடு எங்கே என்று கேட்டாள். தொண்டை வறண்டிருந்ததால் கேள்வி பாதிதான் வெளியே வந்தது. செயலாளர் நிதானமாகக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். வளைவை ஏற்றிப்போக வண்டி வந்துவிட்டதாம். சிறப்பு விருந்தினருக்கு வேறு நிகழ்ச்சி இருந்ததாம். ஏழு பேர்தானே, கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நினைத்தார்களாம். பார்க்க வேண்டிய கண்கள் அத்தனையும் பொட்டலத்தில் இருந்ததை மட்டும் அவர் சொல்லவில்லை.

"சரி விடுங்கம்மா. ரெண்டு பேர்ல யாருன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாம்" என்றார், ஏதோ பெரிய மனசு பண்ணுகிற மாதிரி.

கடுகு வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மெல்லிய குரல். அந்த உயரத்துக்குப் பொருந்தாத குரல்.

"நாங்க சைக்கிள் ஓட்டினோம் சார். சீட்டாடல" என்றாள் நெட்டையானவள்.

கடுகு திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். உப்புப் படிந்து வெள்ளைக் கோடு கோடாக இருந்தது. தனக்குள் எரிந்த கோபமே அவள் முகத்திலும் எரிவதைப் பார்த்ததும் கடுகுக்கு ஏதோ பிடிப்புக் கிடைத்த மாதிரி இருந்தது.

"கடைசிச் சுத்து மட்டும் மறுபடியும் ஓட்டலாம்" என்றாள் அவளிடம். "கால்ல தெம்பு இருக்கா?"

"இல்ல. கோபம் இருக்கு. அது போதும்."

செயலாளர் அதெல்லாம் முடியாது என்றார். அனுமதி நேரம் முடிந்துவிட்டது, யாராவது விழுந்து கையைக் காலை உடைத்துக்கொண்டால் சங்கம் பொறுப்பில்லை என்று அடுக்கினார். அதுவரை திருப்பத்தில் வெயிலில் நின்று கை தட்டிவிட்டு நடந்து வந்த கடுகின் அம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு நேரம் நீங்கள் எதற்குப் பொறுப்பாக இருந்தீர்கள் என்று கேட்டாள். காலர் பிரிவில் சத்தமில்லாமல் வேலை பார்க்கிற பெண்மணி அவள். வீட்டில்கூட யாரும் அவள் குரல் உயர்ந்து கேட்டதில்லை. செயலாளர் பொட்டலத்தை நோக்கித் திரும்பி நடந்தார்.

அப்பா ஓரமாக நிறுத்தியிருந்த தன் வேனைத் திறந்தார். லிஃப்டைப் பிரித்து வேலை செய்யும்போது ஆட்கள் உள்ளே கால் வைத்துவிடாமல் ஒட்டுகிற, மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி வரும் டேப் ஒரு சுருள் இருந்தது. அதை ரோட்டின் குறுக்கே இழுத்து ஒட்டினார். வேறு பலகை கையில் இல்லாததால், 'லிஃப்ட் பழுது, படிக்கட்டைப் பயன்படுத்தவும்' என்ற பலகையையே கொண்டுபோய்த் தொழிற்பேட்டை நுழைவாயிலில் நடுரோட்டில் வைத்தார். அந்தப் பக்கம் வந்த ஒரு லாரி டிரைவர் நிறுத்தி, பலகையை இரண்டு தடவை படித்து, சுற்றுமுற்றும் படிக்கட்டைத் தேடிப் பார்த்துவிட்டு, இன்ஜினை அணைத்து இறங்கி வந்தார். விஷயம் தெரிந்ததும், எவனும் உள்ளே வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று லாரியையே குறுக்கே போட்டுவிட்டார்.

ஏழில் இரண்டு பேருக்குக் கால் பிடித்துக்கொண்டது. அவர்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தியாக உட்கார்ந்து நடுவர்கள் ஆனார்கள். மற்ற ஐந்து பேர் வரிசையாக நின்றார்கள். அம்மா கையைத் தட்டினாள், கிளம்பினார்கள்.

அந்தச் சுற்றைப் பற்றிக் கடுகு பின்னால் யாரிடம் சொன்னாலும் அவளால் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. மெடல் இல்லை, கூட்டம் இல்லை, மைக் இல்லை. ஷட்டர் போட்ட கம்பெனிகளும், நிழலில் நாக்கைத் தொங்கப்போட்ட இரண்டு நாய்களும்தான் பார்வையாளர்கள். ஆனால் ஐந்து பேரும் சிரித்துக்கொண்டே ஓட்டினார்கள். யாரோ செயலாளர் மாதிரியே, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா என்று கத்தினாள். சிரிப்பில் ஒருத்தி நடைபாதை விளிம்பில் மோதப் பார்த்தாள். குடோன் ரோட்டில் எதிர்க்காற்று வந்ததும் சிரிப்பு அடங்கியது. கடுகும் நெட்டையானவளும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் எப்போது பாய்வாள் என்று இவளும், இவள் எப்போது பாய்வாள் என்று அவளும் வேகத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசித் திருப்பத்தில் கிட்டத்தட்ட நின்றே விட்டார்கள்.

அப்போது இடது பக்கமாக ஒரு சைக்கிள், பிரேக் கட்டை தேய்ந்து கீச்சிட, அவர்களைத் தாண்டிப் போனது. கண்ணாடிக்காரி. முதல் பந்தயத்தில் யார் கண்ணிலும் படாமல் மூன்றாவதாக வந்தவள். இவர்கள் விழித்துக்கொண்டு துரத்துவதற்குள் அவள் மஞ்சள் கறுப்புக் கோட்டைத் தாண்டிவிட்டாள். தாண்டிய பிறகு நிறுத்த முடியாமல் போய்த் தண்ணீர் லாரியின் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாரி. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டிருந்தீங்க, அதான் தொந்தரவு பண்ண வேணாம்னு ஓரமா வந்துட்டேன்" என்றாள்.

நெட்டையானவள் ரோட்டிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடுகுக்கும் அடக்க முடியவில்லை. யானை இரண்டு சண்டை போட்டு எலி கரும்பைத் தின்ன கதையாகிவிட்டது. அன்றைக்கு அவர்கள் மூன்று பேரும் அப்பாவின் வேனில், சைக்கிள்களுக்கும் டூல் பெட்டிக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு, வழியெல்லாம் செயலாளரைத் திட்டிக்கொண்டே வீடு போனார்கள். தோற்றுவிட்டுப் போகிறோம் என்ற நினைப்பே கடுகுக்கு வரவில்லை.

ஆனால் அந்த வாரக் கடைசியில் கிளப் பயிற்சியாளர் ஒரு பிளாஸ்டிக் கவரை அவளிடம் நீட்டினார். உள்ளே தங்க நிற மெடல். சங்கம் முடிவை வெளியிட்டிருந்தது. பெண்கள் பிரிவில் முதலிடம் கடுகுக்கு. இவர்கள் போன பிறகு மர நிழலிலேயே சீட்டுக் குலுக்கிவிட்டார்கள். சீட்டு எழுதினவர் யார், எடுத்தவர் யார் என்று பயிற்சியாளருக்கும் தெரியாது. கிடைத்ததை வாங்கிக்கொள், வம்பு வேண்டாம் என்றார் அவர். வீட்டில் அண்ணன் முதுகில் தட்டிப் பாராட்டினான். நான் ஜெயிக்கவில்லை என்று அவள் சொன்னபோது, அதுதான் மெடல் வந்துவிட்டதே என்றான். நீ வாங்கின மெடலை இப்படி யாராவது குலுக்கிப் போட்டுக் கொடுத்திருந்தால் கழுத்தில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றியிருப்பாயா என்று அவள் கேட்டாள். அன்றைக்கு இரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

தோல்வி கடுகுக்குப் புதிதில்லை. தோற்றால் அழுவாள், இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டாள், மூன்றாம் நாள் எழுந்துவிடுவாள். இந்த வெற்றி அப்படியில்லை. பிச்சை போட்ட மாதிரி இருந்தது. அதுவும் அவள் கேட்காத பிச்சை.

மூன்று பேரும் சேர்ந்து சங்க அலுவலகத்துக்குப் போனார்கள். அது ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போதே பஞ்சு வாசனை. உள்ளே இரும்பு பீரோவின் தலையில் பாலித்தீன் சுற்றிய கோப்பைகள், சுவரில் பழைய செயலாளர்களின் வரிசையான படங்கள், எல்லாரும் மீசைக்காரர்கள். மூலையில் அந்த நீல வளைவு மடித்துக் கிடந்தது. செயலாளர் இவர்களை உட்காரச் சொல்லவில்லை. உட்காரச் சொல்லியிருந்தாலும் நாற்காலி ஒன்றுதான் இருந்தது.

கடுகு மெடலை மேஜைமேல் வைத்தாள்.

"இது எனக்கு வேண்டாம் சார். ஜெயிச்சது இவ" என்று கண்ணாடிக்காரியைக் காட்டினாள்.

"குடுத்தா வாங்கிக்கணும்மா. வேண்டாம்னு சொல்ற பொண்ண இப்பதான் பாக்கறேன். நீங்க அப்புறம் ஓட்டினதெல்லாம் ரெக்கார்டுல வராது."

"நாங்க முதல்ல ஓட்டினது மட்டும் ரெக்கார்டுல இருக்கா சார்?" என்று கேட்டாள் கண்ணாடிக்காரி. அவள் கேட்ட பணிவில் செயலாளருக்கு முதலில் அது கேள்வியென்றே புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது.

பெண்கள் வருவது கொஞ்சம் பேர், அவர்களுக்காகக் காலையில் நேரம் ஒதுக்கினால் பையன்களுக்கு வெயில் ஏறிவிடும் என்று விளக்கினார். அப்போ எங்களுக்கு வெயில் ஏறலாமா என்றாள் நெட்டையானவள். கூட்டம் சேரட்டும், அப்புறம் முன்னால் விடலாம் என்றார். கடைசியில் தள்ளி, கோட்டையும் பிய்த்து எறிந்தால் கூட்டம் எப்படிச் சேரும் என்றாள் கடுகு. கடைசியில் அவர், பரிசீலிக்கிறோம் என்றார். பெரியவர்கள் ஒரு விஷயத்தைக் குழி தோண்டிப் புதைக்கும்போது மேலே போடுகிற மண் அந்த வார்த்தை. பதினாறு வயதுக்கும் அது தெரிந்திருந்தது. மெடலை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினார்கள். படியில் நெட்டையானவள் கைப்பிடிச் சுவரை ஓங்கிக் குத்தி, வலித்ததும் கையை உதறிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர்கள் ஒன்றாகவே பயிற்சி செய்தார்கள். இரண்டு கிளப்பிலும் இது பிடிக்கவில்லை. எதிரிக்கு வித்தை சொல்லிக் கொடுக்கிறாயே என்றார்கள். சொல்லித்தான் கொடுத்தார்கள். வளைவுகளில் பிரேக் பிடிக்காமல் சாய்ந்து திரும்புவதை நெட்டையானவள் காட்டினாள். மேட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவதைக் கடுகு காட்டினாள். கண்ணாடிக்காரி எதையும் காட்டவில்லை. அவள் பாட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்து, இவர்கள் அசந்த நேரத்தில் தாண்டிப் போவாள். ஒட்டகச்சிவிங்கி என்ற பெயர் ஒருநாள் கடுகின் வாய் தவறி வெளியே வந்துவிட்டது. நெட்டையானவள், ஒட்டகத்தை எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்கிறேன் என்றாள். சிவிங்கி என்றால் வேட்டைக்குப் பாய்கிற மிருகம், எனக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்றாள். அன்றிலிருந்து அவள் சிவிங்கி. மழையில் நனைந்து, பஞ்சர் ஒட்டி, ஒரே வாழைப்பழத்தை மூன்றாகப் பிய்த்துத் தின்று அவர்கள் சுற்றிய சுற்றுகளைப் பார்த்து, இன்னும் சில பெண்கள் வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த பந்தயத்தின் நேரப் பட்டியல் வந்தது. பெண்கள் கடைசி.

அன்றைக்குக் காலையில் சின்னப் பையன்கள் ஓட்டி முடித்து, பெரிய பையன்களைக் கூப்பிட்டபோது, பதினோரு பெண்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க் கோட்டில் வரிசையாக நின்றார்கள். முன்கூட்டிப் பேசி வைத்ததுதான். செயலாளர் விசிலை ஊதினார். தள்ளுங்கம்மா என்றார். யாரும் நகரவில்லை. பின்னால் வந்து நின்ற பையன்களில் ஒருவன், இவங்க ஓட்டறதெல்லாம் ஒரு ரேஸா என்று முணுமுணுத்தான். கடுகு திரும்பி அவனை ஒரு வழி பண்ணிவிடலாம் என்று பார்த்தால், அதற்குள் அண்ணன் அவனை முறைத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"அவங்க போகட்டும் சார். கொஞ்ச நேரம் நின்னா எங்க கால் ஒண்ணும் கழண்டு விழுந்துடாது" என்றான் செயலாளரிடம். சொல்லிவிட்டு சைக்கிளை ஓரமாகக் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தான். இரண்டு மூன்று பையன்கள் அவன் பின்னால் ஒதுங்கினார்கள். மற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் தங்கச்சியின் பக்கம் திரும்பவேயில்லை. அவளும் அவனுக்கு நன்றி சொல்லவில்லை. இதை அவன் போன பந்தயத்திலேயே செய்திருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

செயலாளர் கத்தத் தயாரானபோது சிறப்பு விருந்தினரின் கார் வந்து நின்றது. அவசரக்காரர் போலிருக்கிறது. இறங்கியதும் யாரோ கையில் திணித்த கொடியை வாங்கிக்கொண்டு, வளைவுக்கு அடியில் வந்து நின்று, வரிசையாக நிற்கும் பெண்களைப் பார்த்தார்.

"எல்லாரும் ரெடியாம்மா?"

"ரெடி சார்" என்றார்கள் பதினோரு பேரும்.

செயலாளர் ஓடி வந்து காதில் ஏதோ சொல்வதற்குள் அவர் கொடியை இறக்கிவிட்டார்.

காலைக் காற்று குளிர்ச்சியாக இருந்தது. தார் ரோடு இன்னும் இளகவில்லை. சக்கரம் இப்படி வழுக்கிக்கொண்டு ஓடும் என்பதே கடுகுக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை நாள் இதைப் பையன்களே வைத்துக்கொண்டிருந்தார்களே என்று முதல் சுற்றெல்லாம் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டாவது சுற்றில் சிவிங்கி முழங்கையைத் தட்டினாள். கடுகு முன்னால் போனாள். அதற்குப் பிறகு ஆத்திரப்பட நேரமில்லை.

முடிவில் வளைவு நின்றது, கோடு இருந்தது, கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவிங்கி முதலில் தாண்டினாள். கண்ணாடிக்காரி இரண்டாவது. மூன்றாவதுக்குக் கடுகும் புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண்ணும் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். நடுவர் சின்னப் பெண்ணைக் கை காட்டினார். கடுகு மூச்சு வாங்க நடுவரின் மேஜைக்குப் போய், மூணாவது நான்தான், கண்ணைத் திறந்து பாருங்கள் என்று சண்டை பிடித்தாள். நடுவர் தடுமாறி, பக்கத்தில் நின்ற சிவிங்கியிடம் நீ பார்த்தாயா என்று கேட்டார்.

"பார்த்தேன் சார். இவ நாலாவதுதான்" என்றாள் சிவிங்கி, தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமலே. "முன்சக்கரம் இவ்வளவு பின்னால இருந்துச்சு."

கடுகு அவள் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு, அவளோடு அன்று மத்தியானம் வரை பேசவில்லை.